சொந்த வீட்டுக்கு விசிட் விசா

ஷம்சியா டீச்சருக்குக் கோபம் வந்தால் அல் ஐன் வெயில்கூடக் கொஞ்சம் ஒதுங்கி நிழலில் நிற்கும் என்று அவளிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் சொல்வார்கள். பதினேழாம் வாய்ப்பாட்டில் திக்கிய ஒருவன், அவள் பார்த்த ஒரே பார்வையில் பத்தொன்பதாம் வாய்ப்பாடு வரை மூச்சு விடாமல் ஒப்பித்தானாம். இன்று அவன் மஸ்கட்டில் பெரிய ஆடிட்டர். இப்போதும் தூக்கத்தில் பதினேழுகளை முணுமுணுக்கிறான் என்று கேள்வி.

அதெல்லாம் அரை மணி நேரக் கோபம். மணி அடித்ததும் சாக்பீஸ் தூளோடு சேர்த்துத் தட்டி உதறிவிட்டு வந்துவிடுவாள். 2006 செப்டம்பரில் வந்தது அந்த ஜாதி அல்ல. பெட்டி படுக்கையோடு வந்து வீட்டில் தங்கிவிட்ட கோபம் அது.

அல் ஐனும் புரைமியும் பேருக்குத்தான் இரண்டு ஊர். ஒன்று எமிரேட்ஸில், இன்னொன்று ஓமானில். இந்தப் பக்கம் மிளகாய் வதக்கினால் அந்தப் பக்கம் தும்முவார்கள். எல்லை எங்கே என்று டாக்ஸிக்காரர்களைக் கேட்டால் ஆளுக்கொரு ரவுண்டானாவைக் காட்டுவார்கள். ஷம்சியாவின் வீடு அல் ஐனில். அவள் வேலை பார்த்த இந்தியப் பள்ளிக்கூடமும் அங்கேதான். விசாவும் பள்ளிக்கூடத்து விசா. அவள் கணவர் கௌஸ் முகைதீனுக்கு புரைமி கடைத்தெருவான சூக்கில் தையல் சாமான் கடை. நூல்கண்டு, பொத்தான், லேஸ், ஜிப். அவருடையது ஓமான் விசா. கடையிலிருந்து வீட்டுக்கு நடந்தால் பதினோரு நிமிஷம். மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, நாடு விட்டு நாடு வந்து சோறு தின்று, ஒரு தூக்கம் போட்டு, மறுபடி நாடு விட்டு நாடு போய்க் கடை திறப்பார். இருபத்தோரு வருஷம் இப்படி. ஒருத்தர் பாஸ்போர்ட்டில் ஒரு நாடும், இன்னொருத்தர் பாஸ்போர்ட்டில் இன்னொரு நாடும் இருந்தது அவர்களுக்கு ஞாபகம்கூட இல்லை.

இரண்டு பேருக்கும் ஊர் காயல்பட்டினம். அங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிற பேச்சே கிடையாது. அதனால் தினமும் எல்லை தாண்டி மனைவி வீட்டுக்கு வருவது கௌஸ் முகைதீனுக்கு ஒரு சங்கதியாகவே படவில்லை.

முதலில் கம்பி வேலி வந்தது. “ஒட்டகம் ரோட்டுக்கு வராம இருக்கத்தான் புள்ள,” என்றார் அவர். பிறகு அதன் தலையில் சுருள் கம்பி ஏறியது. “ஒட்டகம் தாவுமோ மச்சான்?” என்று கேட்டாள் ஷம்சியா. பிறகு ஒரு மதியம், பருப்பும் மாசிச் சம்பலும் மேசையில் ஆறிக்கொண்டிருக்க, போன் வந்தது.

“ஷம்சியா, விட மாட்டேங்கிறான்.”

“யாரு?”

“போலீஸு. நம்ம மாடியில காயற துணி இங்கேருந்து தெரியுது. உன் பச்சத் துப்பட்டாகூடத் தெரியுது. ஓமான் விசாக்காரன் இனிமே இப்படி வரக்கூடாதாம். சுத்திக்கிட்டு செக்போஸ்ட்டுக்குப் போயி விசிட் விசா எடுத்துட்டு வரணுமாம்.”

“சொந்த வீட்டுக்கா?”

“சத்தம் போடாத புள்ள. அவன் கவர்மெண்ட்டு.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கௌஸ் முகைதீன், மீசை முளைத்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு போலீஸ்காரப் பையன் முன்னால், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றார். பையன் ஒன்றும் அதட்டவில்லை. கைகளைக் கட்டச் சொல்லவும் இல்லை. இவராகக் கட்டிக்கொண்டு நின்றார். வேலியின் மேல் அவளுக்கு வந்த கோபம், அந்தக் கட்டிய கைகளைப் பார்த்ததும் பாதி அவர் மேல் திரும்பியது.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கௌஸ் முகைதீன் தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்துபோனார். பதினோரு நிமிஷ நடை, டாக்ஸியும் வரிசையுமாக அரை நாள் பயணமாகிவிட்டது. மற்ற நாட்களில் கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுக்கை. இப்படியே எத்தனை நாள் ஓட்டுவது? ஒருவர் இந்தப் பக்கம் வரவேண்டும், அல்லது மற்றவர் அந்தப் பக்கம் போகவேண்டும். அவர் ஒரு வழி சொன்னார்.

“வேலைய விட்டுட்டு வந்துடு. கடைக்கு மேல ரெண்டு ரூம் காலியாவுது. என் விசாவுல உன்னை எடுத்துடறேன்.”

பதினெட்டு வருஷ வேலை. வாப்பா காலில் விழுந்து, அழுது, மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து வாங்கிய பி.எஸ்ஸி. கணக்குப் பட்டத்தின் வேலை. கரும்பலகையின் எந்த மூலையில் எழுதினால் சாக்பீஸ் கீச்சிடும் என்பதுவரை தெரிந்த வகுப்பறை. அவளிடமும் ஒரு வழி இருந்தது. பள்ளிக்கூடத்தில் விசா வேலைகளைக் கவனிக்கும் முத்துராமன் சொன்னது: ஆசிரியை என்றால் கணவனைத் தன் விசாவில் எடுத்துக்கொள்ளலாம்.

“கடையை ஈசா கையில குடுத்துட்டு நீங்க என் விசாவுல வாங்க மச்சான்,” என்றாள். ஈசா, அவர் பெரியம்மா மகன். கடையில் பாதிப் பங்காளி.

கௌஸ் முகைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “உன் விசாவுலயா? அப்ப என் கஃபீல் யாரு?”

விசாவுக்குப் பொறுப்பாக நிற்கிற முதலாளியை வளைகுடாவில் கஃபீல் என்பார்கள். நாட்டில் இருக்கவிடுவதும் துரத்துவதும் அவர் கையெழுத்தில் இருக்கிறது.

“நாந்தான்.”

“சூக்குல ஒருத்தன் மிச்சம் இல்லாம சிரிப்பான். ‘கௌஸ் பாய்க்குப் பொண்டாட்டி கஃபீல்’னு ராஸ் அல் கைமா வரைக்கும் பேசுவான். மாஃபி. நடக்காது.”

“நான் உங்க விசாவுல வந்தா யாரும் சிரிக்க மாட்டானோ?”

“அது ஊர்வழக்கம்.”

“எந்த ஊரு வழக்கம்?” என்று அவள் கேட்ட கேள்விக்கு அவர் ஷட்டரை இறக்குவது போல முகத்தை இறக்கிக்கொண்டார். அதோடு பத்து மாதம் பேச்சு நின்றது. அதாவது, ‘உப்பு வேணுமா’, ‘கரண்ட் போச்சு’ என்கிற அளவில் நின்றது.

2007 ஜூலையில் மகள் மின்ஹா கூப்பிட்டாள். அவள் கணவன் அஹ்சனுக்குப் பின்லாந்தின் வடக்கே டோர்னியோ என்கிற ஊரில் எஃகு ஆலையில் என்ஜினியர் வேலை. “ரெண்டு பேரும் வந்து ஒரு மாசம் இருங்க உம்மா. இங்கயாவது ஒரே வீட்டுல இருங்க,” என்றாள். வேறு வழி இல்லாமல் இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஷம்சியா அபுதாபியில் ஏறினாள், அவர் மஸ்கட்டில் ஏறினார். எண்ணூறு மீட்டர் தள்ளிக் குடியிருந்த புருஷனும் பெண்டாட்டியும் பூமிப் பந்தில் கால்வாசியைக் கடந்து ஹெல்சிங்கி விமான நிலையத்தில், சூட்கேஸ் சுற்றும் ரப்பர் பட்டைக்குப் பக்கத்தில் சந்தித்துக்கொண்டார்கள்.

“வந்துட்டியா?” என்றார் அவர்.

“இல்ல, இன்னும் வரல,” என்றாள் அவள்.

டோர்னியோவில் ஜூலையில் சூரியன் படுக்கப் போவதாகவே தெரியவில்லை. அதற்கும் எக்ஸிட் முத்திரை அடித்துக்கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ஷம்சியா. வந்த மறுநாளே அஹ்சன், மாமனாரையும் மாமியாரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனான். ஊசி போல மெலிந்து உயர்ந்த கோபுரத்தோடு ஒரு பழைய மரத் தேவாலயம். அப்பால் ஆற்றின் ஒரு கிளை, முழங்கால் நனைகிற அளவுக்கு. அதற்கு அந்தப் பக்கமும் வீடுகள், மரங்கள், சைக்கிள்கள்.

“அது என்ன ஊரு மருமவனே?” என்று கேட்டார் கௌஸ் முகைதீன்.

“அது ஹபராண்டா மாமா. சுவீடன்.”

“எது சுவீடன்?”

“அந்த வெள்ளைக் கார் நிக்குதுல்ல? அதுலேருந்து சுவீடன்.”

கௌஸ் முகைதீன் தன்னை அறியாமல் ஓரடி பின்வாங்கினார்.

அஹ்சன் விவரம் சொன்னான். ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே ராஜா. 1809ல் ஒரு சண்டை முடிந்து ஆற்றில் கோடு போட்டார்கள். பின்லாந்தோடு சேர்ந்து டோர்னியோ ரஷ்யாவின் கைக்குப் போனது. சுவீடன்காரர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஊர் இல்லாமல் போனதால் எதிரில் ஹபராண்டாவைக் கட்டிக்கொண்டார்கள். இப்போது இரண்டு ஊர் நிர்வாகமும் கைகோத்துக்கொண்டு கோட்டின் மேலேயே கடைவீதி கட்டுகிறார்கள். கடிகாரத்தில் மட்டும் ஒரு மணி நேரம் வித்தியாசம். “கோல்ஃப் மைதானம்கூட ரெண்டு நாட்டுலயும் கெடக்கு மாமி. இங்கேருந்து அடிச்சா பந்து ஒரு மணி நேரம் முன்னாடி போய் விழும்.”

“எத்தன வருஷம் ஆச்சு, சண்டை போட்டுக் கோடு போட்டு?”

“இருநூறு வருஷம் ஆகப்போவுது.”

“இருநூறு வருஷம் கழிச்சுப் புத்தி வந்துச்சாக்கும். எனக்கு இப்பவே நாப்பத்தெட்டு,” என்றாள் ஷம்சியா.

அந்த அழகான ஊர் அவளுக்கு வயிற்றெரிச்சலைத்தான் தந்தது. ஒரு கிழவி தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ரொட்டி வாங்க இன்னொரு நாட்டுக்குப் போனாள். ஒரு நாய் பின்லாந்தில் காலைத் தூக்க நினைத்து, மனசு மாறி, சுவீடனில் போய்த் தூக்கியது. யாரும் கேட்கவில்லை. அந்த நாய்க்கு இருக்கிற சலுகை பொத்தான் விற்கிற ஒரு மனுஷனுக்கு இல்லையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் போட்ட உழைப்பை ஒரு கம்பிச் சுருள் இரண்டாகக் கிழித்துப் போட்டிருக்கிறது. இங்கே போலீஸே இல்லாத கோட்டின் மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்குகிறார்கள்!

நாலாம் நாள் மின்ஹா இருவரையும் ஹபராண்டாவுக்கு நடத்திக் கூட்டிப்போனாள். அங்கே புதிதாகத் திறந்த பெரிய மரச்சாமான் கடையில் அவளுக்கு ஒரு அலமாரி பார்க்க வேண்டும். எல்லை வந்ததும் கௌஸ் முகைதீன் நின்றுவிட்டார். சட்டையின் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“எங்க ஸ்டாம்ப் அடிப்பாங்க?”

“அடிக்க மாட்டாங்க வாப்பா. யல்லா, வாங்க.”

“எக்ஸிட் அடிக்காம எப்படி? நாளைக்கு ரெக்கார்டுல நான் பின்லாந்துலயா இருக்கேன், சுவீடன்லயா?”

“ரெண்டுலயும் இருங்க. யாருக்கு என்ன?” என்று மகள் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்தாள். வந்தார். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைக்குள் வர மறுத்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இவர்கள் அலமாரி பார்த்துவிட்டு வெளியே வந்தபோது பெஞ்சில் ஆள் இல்லை.

ஷம்சியா கடையை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, “மச்சான்!” என்று போட்ட சத்தத்தில் இரண்டு நாட்டுப் புறாக்களும் பறந்தன. அப்போது மின்ஹாவின் போன் அடித்தது. ஹபராண்டா போலீஸ் நிலையம்.

நடந்தது இதுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் கௌஸ் முகைதீன் தன் நிலைமையை யோசித்திருக்கிறார். முத்திரை இல்லாமல் ஒரு நாட்டுக்குள் நுழைந்தாயிற்று. பிடிபட்டால் குற்றம், தானாகப் போய்ச் சொன்னால் குற்றம் பாதி. வளைகுடாவில் விசா கெட்டவன் எவனும் அறிந்த பாடம் இது. ஆகவே வழி கேட்டுக் கேட்டுப் போலீஸ் நிலையத்துக்கே போய், சரணடைந்துவிட்டார். போதாக்குறைக்கு அவர்கள் கேட்காமலே ஒரு மன்னிப்புக் கடிதமும் எழுதிக்கொடுத்திருக்கிறார். கௌஸ் முகைதீன் ஆகிய நான், முத்திரை பெறாமல் தங்கள் நாட்டுக்குள் சுமார் எழுநூறு தப்படி வந்துவிட்டேன். இது என் முதல் குற்றம். குடும்பஸ்தன் என்பதைக் கருதி அபராதத்தைக் குறைக்க வேண்டுகிறேன். என் மனைவியும் மகளும் என் பேச்சைக் கேட்டுத்தான் வந்தார்கள், அவர்கள்மேல் தவறு இல்லை.

இவர்கள் போனபோது, உத்தரத்தில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு பெண் போலீஸ் அவருக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்திருந்தாள். காப்பி ஆறிக்கிடந்தது. அவர் உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“உங்கள் தந்தைக்கு உடம்பு சரியில்லையா? நாங்கள் போகலாம் என்று சொல்லியும் போக மறுக்கிறார். ஒரு முத்திரை வேண்டும் என்கிறார். எங்களிடம் அப்படி ஒன்று இல்லை,” என்றாள் அந்தப் பெண், மின்ஹாவிடம் தணிந்த குரலில்.

திரும்பும் வழியில் ஆற்றுப் பாலம் வரும்வரை ஷம்சியா முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பாலத்தில் ஏறியதும் நின்றாள்.

“கையக் கீழ போடுங்க.”

“என்ன?”

“இன்னும் கட்டிக்கிட்டே நடக்கிறீங்க. கையக் கீழ போடுங்க மச்சான்! அங்க வேலி போட்டான், கையக் கட்டினீங்க. சரி, அது அவன் நாடு, நம்ம பொழப்பு. இங்க வேலியும் இல்ல, ஆளும் இல்ல. நீங்களா போலீஸத் தேடிப் போயிக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க! ஊரான்கிட்ட எல்லாம் இவ்வளவு மரியாதையா நிக்கிற மனுஷன், பொண்டாட்டி ‘என் விசாவுல வாங்க’ன்னா மட்டும் என்னா ரோஷம் வருது!”

“உம்மா, எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் மின்ஹா.

“பாக்கட்டும். ரெண்டு நாடும் பாக்கட்டும்.”

கௌஸ் முகைதீனுக்கும் ஏறிவிட்டது. “எதுக்கு இப்பக் கத்துற? எல்லாம் முடிஞ்சு போன கதை. நான்தான் முத்துராமன்கிட்ட சொல்லிட்டேனே.”

“என்ன சொன்னீங்க?”

சொல்லிவிட்டோமே என்று அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் வெளியே வந்தது வந்துவிட்டது. “டீச்சர் லீவு முடிஞ்சு வர மாட்டாங்க, வேற ஆளைப் பாத்துக்கங்கன்னு… புறப்படறதுக்கு முன்னாடி… உனக்கு நல்லதுக்குத்தான் புள்ள.”

ஷம்சியாவுக்குச் சட்டென்று சத்தம் வரவில்லை. அவளைத் தெரிந்தவர்கள் பயப்படுவது அதற்குத்தான். மகளிடம் கையை நீட்டினாள். மின்ஹா மறுபேச்சில்லாமல் போனைக் கொடுத்தாள்.

“முத்துராமன் சார், ஷம்சியா டீச்சர் பேசறேன். என் வேலை இருக்கா, போச்சா?”

“இருக்கு மேடம். சார் வாயால சொன்னாரு. டீச்சர் கையெழுத்து இல்லாம நான் எதையும் எழுத மாட்டேன்னுட்டேன். உங்களக் கேக்காம செய்ய எனக்கு என்ன, தலை வேண்டாமா?”

“நல்லது. செப்டம்பர் ஒண்ணாந்தேதி நான் வகுப்புல இருப்பேன்.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

“நம்ம ஊர்ல எந்த மாப்பிள்ளை பொண்டாட்டியப் பெட்டி கட்டச் சொன்னான்? உங்க வாப்பா எங்க வந்து படுத்தாரு? உங்க உம்மா வீட்டுலதானே? உங்க கூடப்பொறந்த காக்கா? நீங்க இருபத்தோரு வருஷம் எங்க வந்தீங்க? அப்பல்லாம் போகாத மானம் ஒரு காகிதத்துல என் பேரை எழுதினாப் போயிடுமா? கேட்டுக்கங்க. ஆகஸ்ட் முடியறதுக்குள்ள வர்றதுன்னா வாங்க. இல்ல, அந்தப் பொத்தான் டப்பாவுங்களோடயே இருந்துக்கங்க. ஹலாஸ், அவ்வளவுதான். நான் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை விருந்தாளிக்குச் சோறாக்க மாட்டேன்.”

அவர் பாலத்தின் நடுவில் எல்லையைத் தாண்டும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்தார், பைக்குள் வைத்தார். மிச்ச நாட்களில் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே சூரியனுக்குக் கீழே, இருவரும் பேசாமல் சாப்பிட்டார்கள். டோர்னியோ வீட்டின் குளிர்பெட்டிக்கு அந்த மாதம் மின்சாரமே தேவைப்படவில்லை என்று அஹ்சன் பிற்பாடு சொல்லிச் சிரித்தான்.

ஆகஸ்ட் இருபத்தேழாம் தேதி காலை, அல் ஐன் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. விசிட் விசாவும் ஒரு சூட்கேஸுமாக கௌஸ் முகைதீன். “கடைய ஈசாகிட்ட விட்டுட்டேன்,” என்றார்.

“டீ குடிச்சிட்டு வாங்க, டைப்பிங் சென்டருக்குப் போவணும்,” என்றாள் அவள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

விசா படிவம் அடித்துக்கொடுக்கும் டைப்பிங் சென்டரில் கூட்டம். மலையாளி டைப்பிஸ்ட் அரபியில் படிவத்தைத் தட்டிக்கொண்டே கேட்டான். “பொறுப்பாளர் பேரு?”

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பட்டாணியர்களும் ஒரு தஞ்சாவூர்க்காரரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஷம்சியா வேண்டுமென்றே சுவரில் இருந்த காலண்டரைப் படித்தாள். கௌஸ் முகைதீன் தொண்டையைச் செருமினார்.

“ஷம்சியா. என் பொஞ்சாதி. டீச்சர்,” என்றார், கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி. தஞ்சாவூர்க்காரர் சிரித்தார். கௌஸ் முகைதீன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

“பாய்க்குத் தொழில்?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காலண்டரை விட்டுத் திரும்பினாள்.

“ஒண்ணும் இல்லன்னு போடு,” என்றார்.

அந்த இடத்தில் ஷம்சியாவுக்கு வந்த கோபம் அவர் மேல் இல்லை. அது எங்கே போய் விழுவது என்று தெரியாமல் மேசைமேல் விழுந்தது.

“ஏன் ஒண்ணும் இல்ல? இருபத்தோரு வருஷம் கடை வெச்சிருந்த மனுஷன். வியாபாரின்னு போடுங்க.”

“மேடம், இந்த விசாவுல வேலை செய்யக்கூடாது. ‘வேலை இல்ல’ன்னுதான் போடணும். வேற போட்டாத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

“இவரு சும்மா இருக்கிற ஆளுன்னு நான் கையெழுத்துப் போடணுமா?”

“விடு புள்ள,” என்றார் கௌஸ் முகைதீன் மெல்ல. “நான்தானே சொல்றேன், விடு.”

டைப்பிஸ்ட் படிவத்தை நீட்டினான். அவள் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். திருத்த ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளை எரித்தது. பேனாவை வாங்கி, பொறுப்பாளர் கையெழுத்து என்ற இடத்தில் அவள் போட்ட கையெழுத்தில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு அடித்தாள்வரை இறங்கியது.

“அய்யோ மேடம், கீறிப்போச்சு. இனி வேற டைப் செய்யணும். அரை மணிக்கூர் ஆகும்.”

“செய்யுங்க,” என்றாள் ஷம்சியா. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இருக்கோம். எங்களுக்கு எங்கயும் போக வேண்டியதில்ல.”